ஏழாம் நம்பருக்கு அடுக்கிய பெட்டிகள்

உங்களில் பாதிப் பேர் அட்டைப்பெட்டியின் மேல் குதித்தே இருக்க மாட்டீர்கள். போன வாரம் உங்கள் சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு வந்தபோது பார்த்தேன். காற்றுப்பை ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்கு ஊதி நிற்கிறது. குதிக்கிறவர் இடுப்பில் இரண்டு கயிறு, கீழே பிடிக்க நான்கு பேர். கயிறு திரையில் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல அழிச்சிடுவாங்கண்ணே" என்று ஒரு பெண் சொன்னார். கேட்கச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எங்கள் காலத்தில் கயிற்றை அழிக்க ஒரே வழி, கயிறு கட்டாமல் இருப்பதுதான்.

பெரிய நடிகர்களுக்கு டூப் போட்ட கதைகளை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதைச் சொல்ல ஆள் நிறைய உண்டு. முப்பத்திரண்டு வருடம் சண்டைக் காட்சிகளில் வேலை பார்த்ததில், நான் எடுத்த முடிவு சரியா தப்பா என்று இன்றுவரை எனக்கே தெரியாத ஒரு நாள் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தொண்ணூற்றொன்பது, மார்கழி மாதம். கொல்லிமலையில் ஒரு படம். பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. டைரக்டருக்கு இருபத்தேழு வயது, இன்ஜினீயரிங் படித்தவர், முதல் படம். என் மாஸ்டர்தான் சண்டைப் பயிற்சிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் அதே நேரத்தில் ஹைதராபாத்தில் பெரிய படம் ஒன்று வந்துவிட்டது. "கொல்லிமலை உங்க ஊர்ப் பக்கம்தானேப்பா, நீ போய்ப் பாத்துக்க" என்று அசிஸ்டென்டான என்னை அனுப்பிவைத்தார். என் ஊர் முள்ளுக்குறிச்சி, மலைக்குக் கீழே. மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவன், மேலே ஏறியது நான்கைந்து முறைதான்.

டைரக்டர் என்னையே மாஸ்டர் என்று கூப்பிட்டு, உட்காரவைத்துக் கதை சொன்னார். இன்னும் ஐம்பது வருடம் கழித்து ஒரு நகரம். எல்லோர் பிடரியிலும் ஒரு சின்ன ஓட்டை. அதில் ஒயரைச் சொருகிக்கொண்டால், எங்கோ சண்டை போடுகிறவன் பார்ப்பதை இவர்கள் பார்க்கலாம். அவனுக்கு அடிபட்டால் இவர்களுக்கும் கொஞ்சம் வலிக்கும், அந்த வலிதான் ருசி. பன்னிரண்டு பேர் ஒரு இரும்புக் கோபுரத்தில் ஏறி ஒருவரை ஒருவர் கீழே தள்ள வேண்டும். யாரை ஜனங்களுக்கு அதிகம் பிடிக்கிறதோ அவனுக்குச் சோறு, வீடு, வைத்தியம் எல்லாம். பிடிக்காமல் போனவனை யாரும் தேட மாட்டார்கள். ஏழாம் நம்பர் என்று ஒருவன், சாதாரண ஆள், அவன் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை ஆகிறான். கடைசியில் ஜனங்கள் கேட்டதற்காக உச்சியிலிருந்து குதிக்கிறான்.

"சார், இது திருவிழாவா, ஜெயிலா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான் மாஸ்டர். அடிக்கறவனும் வில்லன் இல்ல, அடிவாங்கறவனும் வில்லன் இல்ல. பாக்கறவங்கதான் வில்லன்."

அந்தக் காலத்தில் தமிழில் இப்படி ஒரு கதையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. பாதி புரியவில்லை. ஆனால் சொல்லும்போது அவர் கண்ணில் நீர் நின்றது. அந்தப் படத்தை அவர் உண்மையாகவே நம்பினார். பின்னால் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள்.

மலைமேல் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; அதில் பெரக்கரை நாட்டில் தரிசாகக் கிடந்த ஒரு மேட்டு நிலத்தில்தான் அந்த வருங்கால நகரத்தைக் கட்டினோம். அங்கே ஏன் என்றால், பனிமூட்டம். காலையும் மாலையும் மேகம் தரையோடு வரும். புகை மெஷினே வேண்டாம், ஊரே புகைந்து கிடக்கிற மாதிரி இருக்கும். இரும்புக் குழாய்களால் நாற்பதடிக் கோபுரம். சுற்றிலும் நசுங்கிய தகரம், பஸ் பாடி, லாரி ரேடியேட்டர், பழைய டிவிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு சுவர். இதையெல்லாம் கொண்டுவந்தவர் காளப்பநாயக்கன்பட்டியில் பழைய சாமான் கடை வைத்திருந்த காதர் பாய். ஐம்பது வயது தாண்டியவர், குள்ளமான மனிதர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் தன் லாரியில் தானே ஓட்டிக்கொண்டு வருவார். நாங்கள் குதிப்பதற்கு வேண்டிய காலி அட்டைப்பெட்டிகளும் அவரிடமிருந்துதான் வந்தன. சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, எல்லாம் வாடகைக்கு.

முதலில் ஏழாம் நம்பராக நடித்தவர் நம் சங்கத்து ஃபைட்டர். மூன்றாம் நாளே தகரத்தில் கை வழுக்கி மணிக்கட்டு உடைந்து சேலத்துக்குப் போய்விட்டார். அன்று மதியம் படப்பிடிப்பு நின்றிருந்தது. கோபுர உச்சியில் ஒரு தகரம் கழன்று காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. சாமான் தூக்க வந்திருந்த உள்ளூர் ஆட்களில் ஒருவர் யாரிடமும் கேட்காமல் எழுந்தார். வெறுங்காலோடு குழாயைப் பிடித்தார், ஏறினார். ஒரு கையால் தகரத்தை அழுத்தி, இன்னொரு கையால் கல்லை வைத்து நாலு தட்டு தட்டிவிட்டு, ஏறிய வேகத்திலேயே இறங்கி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். டைரக்டர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"யார் மாஸ்டர் அவரு?"

அதுதான் தங்கராசு. முப்பது வயது இருக்கும். ஒன்றரை ஏக்கர் நிலம், மிளகுக்கொடி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, சாமை. மனைவி வெள்ளச்சி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் குழந்தை.

"எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"மொளகு பறிக்கறதுங்க. ஒத்த மூங்கிலச் சாத்தி அதுல ஏறுவம். அதுக்கு இது மாடிப்படியாட்ட இருக்குதுங்க."

இனி அவன்தான் ஏழாம் நம்பர் என்று டைரக்டர் முடிவு செய்துவிட்டார். இரண்டே நாளில், எனக்கு ஆறு மாதம் பிடித்ததை அவன் கற்றுக்கொண்டான். முதுகால் விழுவது, விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிவைப்பது, கை கால்களை விரிப்பது, எல்லாம். ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியவில்லை. விழுந்து எழுந்ததும் நசுங்கிய பெட்டிகளைத் தடவிப் பார்த்து, "பாயிகிட்ட என்னங்க சொல்றது, பொட்டி போச்சுங்களே" என்பான். காமெரா ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்வான். டைரக்டர் தலையில் கைவைத்துக்கொள்வார், மொத்த யூனிட்டும் சிரிக்கும்.

அந்த முதல் பத்து நாட்களைப் போல என் தொழிலில் வேறு நாட்கள் இல்லை. விடிகாலைக் குளிரில் மூச்சு புகையாக வரும். வெள்ளச்சி வேகவைத்த குச்சிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சட்னியும் கூடையில் கொண்டுவருவார். காமெராமேனும் லைட்மேனும் நானும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். காதர் பாயின் டிவிப் பெட்டிகளில் ஒன்று மட்டும் உயிரோடு இருந்தது. ஜெனரேட்டர் போட்டதும் அதில் புள்ளி புள்ளியாக ஓடும். அந்தப் புள்ளிகளையே உள்ளூர்க்காரர்கள் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். "என்னங்க படம் ஓடுது?" என்று பாய் கேட்டுவிட்டுப் போவார்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன்.

பதினைந்தடியிலிருந்து ஒரு ஜம்ப். வெயில் அடித்தது, கயிறு பளிச்சென்று தெரிந்தது. டைரக்டர் என்னிடம் வந்து, "பதினஞ்சடிதானே மாஸ்டர்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கராசுவும், "கவுறு வேண்டாமுங்க, இடுப்புல கிச்சு கிச்சு மூட்டறாப்பல இருக்குது" என்றான். பதினைந்தடி உண்மையிலேயே பெரிய உயரம் இல்லை. என் கையாலேயே கயிற்றை அவிழ்த்தேன். அவன் குதித்தான். அப்படி ஒரு அழகான விழுதலை நான் பார்த்ததில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த முப்பது நாற்பது பேர் கைதட்டினார்கள். நானும் கைதட்டினேன். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்னால் முடியவே இல்லை. கயிறு அதன் பிறகு கோபுரத்தின் பக்கமே போகவில்லை. இருபதடி ஆயிற்று, இருபத்தைந்தடி ஆயிற்று.

கூட்டமும் அதே மாதிரி ஏறியது. மலைக்குக் கீழே கேபிள் டிவி நடத்திய ஒருவர் வீடியோ காமெராவோடு வந்து தங்கராசுவைப் பேட்டி எடுத்துப்போட்டார். டீக்கடைகளில் அது திரும்பத் திரும்ப ஓடியதாம். சேந்தமங்கலத்திலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். பிள்ளைகள் கையில் பேனாவால் ஏழு என்று எழுதிக்கொண்டார்கள். தங்கராசு நடந்துபோனால், "ஏழாம் நம்பரு போறாரு" என்றார்கள். மலைமேல் கடைவீதி இருக்கும் செம்மேட்டில் ஒரு சலூன்காரர் அவனுக்குக் காசு வாங்காமல் முடி வெட்டினார். யாராவது தங்கராசு என்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவனுக்கு ஒரு விநாடி கூடுதலாக ஆயிற்று. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

ஒரு நாள் காலை வெள்ளச்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். அதிகம் பேசாதவர்.

"ஏனுங்க, எங்க ஊட்டு வாசக்கால் ரொம்பத் தாழ்வுங்க. குனிஞ்சுதான் வரோணும். இவரு பொறந்ததுலருந்து குனிஞ்சு வந்தவருதான். இந்த வாரத்துல மூணு வாட்டி தலைய இடிச்சுக்கிட்டாருங்க."

"வேலை அலுப்பு இருக்குமுங்க" என்றேன்.

"அலுப்பில்லீங்க. குனியறது மறந்துபோச்சு." கூடையை எடுத்துக்கொண்டார். "கடைசியா அந்த உச்சியில இருந்து குதிக்கச் சொல்லப்போறீங்களாமா? நீங்க பாத்துக்குவீங்கன்னு சொன்னாரு. அதான் கேட்டுக்கிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"நான் பாத்துக்கறனுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

உச்சிக் காட்சிக்கு முதல் நாள், செம்மேட்டில் எஸ்டிடி பூத்திலிருந்து மாஸ்டருக்குப் போன் போட்டேன். நாற்பதடி, கயிறு இல்லை, பழக்கமில்லாத ஆள், ஈரமான இடம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "சரிப்பா, டைரக்டரைப் பகைச்சுக்காத. பாத்துப் பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டார். பூத்தை விட்டு வெளியே வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நம் தொழிலில் ஆபத்தான சொல் "குதி" என்பதல்ல. "பாத்துப் பண்ணு" என்பதுதான். அதைச் சொன்னவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். கேட்டவன் கையில் எல்லாம் வந்து சேர்ந்துவிடும். மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டவர் அவர். வெள்ளச்சியிடம் "பாத்துக்கறனுங்க" என்று நான் சொன்னதும் அதே வகைதான்.

பெட்டிகளை முதல் நாளே அடுக்கிவிட்டோம். ஏழு வரிசை உயரம். சுற்றிக் கயிறு கட்டி, மேலே மெத்தை போட்டு, தார்ப்பாய் மூடினோம். அடியில் எப்போதும் பலகை பரப்புவேன். அன்று பலகைகளைக் காமெரா தள்ளுவண்டிக்கு எடுத்துப்போய்விட்டார்கள். பரவாயில்லை என்று தரையிலேயே அடுக்கச் சொன்னேன். இதுவும் என் தப்புதான்.

மறுநாள் மதியம்வரை தூறலும் மேகமும். மூன்று மணிக்கு வெயில் வந்தது, எல்லாம் தயாராவதற்குள் ஐந்து ஆகிவிட்டது. இன்றே எடுக்க வேண்டும், நாளை ஜெனரேட்டரும் காமெராவும் திரும்பிப் போகின்றன. மேடு முழுக்க ஜனங்கள். மரக்கிளைகளில்கூட உட்கார்ந்திருந்தார்கள். கேபிள்காரர் காமெராவோடு முன்வரிசையில் நின்றார். டைரக்டர் இந்தக் கூட்டத்தையும் படம் பிடிக்கச் சொல்லியிருந்தார். கதையில் வருகிற கூட்டமாக அவர்களையே காட்டிவிடலாம், தனியாக ஆள் வேண்டாம் என்று. அதனால் "ஏழு, ஏழு" என்று கத்தச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நான் தார்ப்பாயை எடுத்து, மெத்தையைத் தூக்கி, மேல் இரண்டு வரிசையை அமுக்கிப் பார்த்தேன். மொடமொடவென்று காய்ந்திருந்தன. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். தங்கராசு ஏற ஆரம்பித்தான். கூட்டம் அவன் காலடிக்கு ஏற்பக் கத்தியது.

அப்போது காதர் பாய் என் தோளைத் தொட்டார். டிவிப் பெட்டிகளைத் திரும்ப ஏற்றிப்போக வந்தவர் அவர். அடுக்கின் கீழ்ப்பக்கம் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, கீழ் வரிசையில கைய வச்சுப் பாருங்க."

வைத்தேன். சில்லென்றிருந்தது. அழுத்தினேன், விரல் உள்ளே போயிற்று.

"கடையில எடைக்கு அட்டை போட வாரவங்க தண்ணி தெளிச்சுக் கொண்டாருவாங்க, எடை கூட வரட்டும்னு. முப்பது வருசமா தொட்டுத் தொட்டுப் பாத்த கைங்க இது. கீழ நாலு வரிசை ஊறிப்போச்சு. பொட்டியில தெம்பில்லீங்க. பொட்டணம் கட்டக்கூட ஆவாது."

தரையிலிருந்து ஈரம் ஏறியிருக்கிறது. மேலே மூடிய தார்ப்பாய் அதை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. மேல் வரிசை காய்ந்திருந்ததால்தான் நான் ஏமாந்தேன். காய்ந்த மேல் மூன்று வரிசை மட்டும் அவன் வேகத்தைத் தாங்காது. அதற்குக் கீழே இருந்தது கஞ்சி.

டைரக்டரிடம் ஓடினேன். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. சூரியனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"மேல காஞ்சுதானே இருக்கு?"

"மேல காஞ்சிருக்கு சார். கீழ ஊறிப்போச்சு."

"இன்னும் இருபது நிமிஷம்தான் வெளிச்சம் மாஸ்டர். மாத்தி அடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"மாத்தறதுக்குக் காஞ்ச பெட்டி இல்ல சார்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் நல்லாப் பண்றவன். நீங்க கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க மாஸ்டர்."

மறுபடியும் அதே சொல். அங்கிருந்து திரும்பி, மேலே பார்த்துக் கத்தினேன். "தங்கராசு, வேண்டாம், எறங்கு." கூட்டத்தின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கையை ஆட்டினேன். அவன் பார்த்தான் என்றுதான் நினைக்கிறேன். பார்த்துவிட்டு முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான். உச்சிப் பலகையில் நின்று இரண்டு கையையும் விரித்தான். நான் கற்றுக்கொடுத்த தயார் நிலை அது.

யோசிக்க நேரமில்லை என்று கதைகளில் சொல்வார்கள். நேரம் இருந்தது. நாலைந்து விநாடி இருந்தது, அதில் நிறைய யோசித்தேன். நிறுத்தினால் இந்தப் படம் நின்றுவிடும். இனி யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். மாஸ்டர் பேர் கெடும். ஒருவேளை பெட்டி தாங்கிவிடலாம். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. அடுக்கின் கயிற்றைப் பிடித்து ஏறி, மெத்தையை இழுத்துக் கீழே தள்ளிவிட்டு, பெட்டிகளின் நடுவில் போய் நின்றேன்.

மேல் வரிசை பொதுக்கென்று உடைந்தது. அடுத்தது உடைந்தது. குதிக்காமலே, வெறுமனே நின்ற என் எடைக்கே நெஞ்சுவரை உள்ளே இறங்கிவிட்டேன். கால் ஈரச்சேறு மாதிரி எதையோ மிதித்தது. அங்கேயே நின்றுகொண்டு மேலே பார்த்துக் கையை ஆட்டினேன். கீழே ஆள் நிற்கும்போது அவன் குதிக்க மாட்டான், அது எனக்குத் தெரியும்.

கத்தல் நின்றது. முதல் மண்கட்டி என் தோளில் பட்டது. பிறகு நிறைய வந்தது. கெட்ட வார்த்தைகள் எல்லாம் என் சொந்த ஊர்த் தமிழில் வந்தன. டைரக்டர் மைக்கில், "மாஸ்டர், வெளிய வாங்க, மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். யூனிட் ஆட்கள் இரண்டு பேர் என்னை இழுக்க வந்தார்கள். இழுத்திருப்பார்கள். ஆனால் அதற்குள் காதர் பாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கட்டியிருந்த கயிற்றை அரிவாளால் அறுத்துவிட்டார். அடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் நிதானமாக ஒவ்வொரு பெட்டியாக எடுத்து லாரியில் போட ஆரம்பித்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?" என்று புரொடக்சன் மேனேஜர் ஓடிவந்தார்.

"பொட்டி என்னுதுங்க. வாடகைக்குக் குடுத்தது. ஈரமாக்கிப் போட்டீங்க, எடுத்துக்கிட்டுப் போறனுங்க" என்றார் பாய்.

வெளிச்சம் அதற்குள் போய்விட்டது. மேகம் வந்து கோபுரத்தின் பாதியை மூடியது. ஜனங்கள் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்கள்.

தங்கராசு இறங்கிவந்தான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் சட்டையைப் பிடித்தான்.

"அத்தன சனத்துக்கு முன்னால என்ற பேரக் கெடுத்துப்போட்டீங்களே. பயந்தது நீங்க. சனம் நாளைக்கு என்னையில்லீங்களா பயந்தாங்கொள்ளீங்கும்."

"பெட்டி ஊறிப்போச்சு தங்கராசு. வந்து தொட்டுப் பாரு."

"நான் எதுக்குங்க தொட்டுப் பாக்கோணும். நீங்கதான மொதல்லயே தொட்டுப் பாத்து வெரலத் தூக்கிக் காட்டுனீங்க."

வெள்ளச்சி வந்து என் சட்டையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. இருவரும் மேகத்துக்குள் நடந்துபோனார்கள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் என்னை மலையிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டார்கள். மாஸ்டர் எட்டு மாதம் என்னைக் கூப்பிடவில்லை. பிறகு ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்து, "கீழ பலகை போட்டிருக்கணும்டா" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரி. டைரக்டர் அந்தக் காட்சியை வைக்கோல் பொம்மையை வைத்து எடுத்து முடித்தார். படம் சேலத்தில் நான்கு நாள் ஓடியது. நான் போய்ப் பார்த்தேன். தியேட்டரில் பொம்மை கீழே விழுந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பதினைந்தடிக் குதிப்பு திரையில் வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. டைரக்டர் அதன் பிறகு படம் எடுக்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "அன்னைக்குப் பாத்துப் பண்ணுங்கன்னு சொன்னேன்ல மாஸ்டர்" என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம்.

ஒன்றை உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவன் குதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. மெதுவாக நின்றபோது உடைந்த பெட்டி, விரிந்து விழுகிறவனை ஒருவேளை தாங்கியிருக்கலாம். நடந்த விபத்துக்கு ஆயிரம் சாட்சி கிடைக்கும். நடக்காததற்கு யாரும் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள், நன்றியும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் ஒரு நாள் ஒரு காட்சியை நிறுத்தினால், உங்கள் பயத்தால் நிறுத்தினீர்கள் என்றுதான் பேச்சு வரும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் கீழே நிற்கிற வேலைக்கு வாருங்கள்.

ஒன்பது வருடம் கழித்து இன்னொரு படத்துக்கு இடம் பார்க்க மலைக்குப் போனேன். விசாரித்துக்கொண்டு அவன் தோட்டத்துக்கும் போனேன். மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது. உட்காரச் சொல்லவில்லை.

"இந்தப் பக்கம் எதுக்குங்க வந்தீங்க?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

"நான் குதிச்சிருப்பனுங்க."

"குதிச்சிருப்பே."

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க."

"ஆகாமயும் இருந்திருக்கலாம்."

சண்டைக்கு நான் வராதது அவனை இன்னும் கோபப்படுத்தியது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். குறுக்கு வழி தெரியாமல் மாறிப்போவீர்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு கூடவே வந்தான். இரண்டு மைல், முழுக்க ஏற்றம். வழியெல்லாம் திட்டினான். ஊர்க்காரர்கள் எத்தனை வருடம் கேலி பேசினார்கள் என்று சொன்னான். பொண்ணு பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டு வந்ததைச் சொன்னான். எனக்கு மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அவனுக்கு வாங்கவில்லை. நான் நிற்கும்போதெல்லாம் பத்தடி முன்னால் போய்விட்டு, திட்டி முடிக்காததால் திரும்பி இறங்கி வந்து, என் பக்கத்தில் நின்று மிச்சத்தையும் திட்டிவிட்டு மறுபடி ஏறினான்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். வண்டி நகர்ந்தபோது கூடவே கொஞ்ச தூரம் ஓடிவந்தான். முதல் வளைவு வரை, திட்டிக்கொண்டே, ஓடி வந்தான்.